வாங்காத கடனும் வராத கடனும்



ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்மில் பாதிப் பேர் பிள்ளைகளோடு அமிர்திக்குக் கிளம்பிவிடுகிறோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மான், மயில் பார்த்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். நம் இரவுக் காவலாளி அண்ணனுக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு அவர் ஒரு வங்கிக்குப் போனார். "உங்க பேர்ல பைக் லோன் பாக்கி இருக்கு, முதல்ல அதைக் கட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் இருப்பது ஒரு சைக்கிள். "எங்க ஊர்ல என் பேர்லயே இன்னும் நாலு பேர் இருக்காங்க சார்" என்றார்.

கடன் வாங்கியவனைப் பற்றி எழுதி வைப்பது புதிதல்ல. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் செய்த காலத்தில் பேரேடு இல்லாத கடை கிடையாது. கணக்கில் தப்பிருந்தால் எழுதியவர் முன்னால் உட்கார்ந்தே சண்டை போடலாம். எழுதுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர் என்றானபோதுதான் சிக்கல் வந்தது. 1841-இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்பவர், வியாபாரிகளின் நாணயத்தை விசாரித்து எழுதி, பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் காட்டும் நிறுவனம் தொடங்கினார். 1899-இல் அட்லாண்டாவில் தொடங்கிய ரீடெயில் கிரெடிட் கம்பெனி தனிமனிதர்களைப் பற்றியும் கோப்பு கோப்பாகச் சேர்த்தது. தன் கோப்பைக் கேட்கவும் தப்பை எதிர்க்கவும் அமெரிக்கர்களுக்கு 1970-இல்தான் ஒரு சட்டம் வந்தது. அந்தக் கம்பெனி 1975-இல் பெயரை ஈக்விஃபாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இன்று நம் கோப்பை வைத்திருக்கும் நால்வரில் அதுவும் ஒன்று.

நம் நாட்டில் 1999-இல் சித்திக்கி குழு பரிந்துரைத்தது, 2000-இல் சிபில் பிறந்தது. தனிநபர் விவரங்களை 2004 முதல் வங்கிகளுக்குத் தரத் தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 டிசம்பர் 14 அன்று அமலுக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமையும், தப்பை 30 நாளில் திருத்தச் சொல்லும் உரிமையும் அதில்தான் இருக்கின்றன. 2010-இல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹை மார்க் ஆகியவையும் வந்தன. கடன் கொடுப்பவர்கள் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று 2015-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே ஒரு தப்பு நான்கு இடத்தில் உட்காரலாம்.

தப்பு எப்படி வருகிறது? கட்டி முடித்த கடனை வங்கி மூடாமல் விடுவது ஒரு வகை. தமிழர்களுக்கென்றே இன்னொரு வகை உண்டு, அது இனிஷியல். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் கேட்கும். கே. ராமன் ஓரிடத்தில் ராமன் கே, இன்னோரிடத்தில் ராமன் கிருஷ்ணன், மற்றோரிடத்தில் வெறும் ராமன். பான் எண் சரியாகப் பதியாத சிறு கடனென்றால், பெயரையும் ஊரையும் வைத்துக் கணினி இரண்டு ராமன்களை ஒன்றாக்கிவிடும்.

அண்ணனின் அறிக்கைகளை நாங்கள் அவருடைய போனிலேயே எடுத்தோம். 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நான்கில் இரண்டில் அந்த பைக் கடன் இருந்தது. அந்த இரண்டு இடத்திலும் ஆட்சேபம் பதிந்தோம். கடன் கொடுத்த கம்பெனிக்கும் தனியாக எழுதினோம். அவர்கள் சரி என்று சொல்லாமல் கடன் தகவல் நிறுவனம் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். "ஸ்கோரை ஏற்றித் தருகிறேன்" என்று காசு கேட்கிறவர்களிடம் போய்விடாதீர்கள்.

30 நாளுக்குள் முடியாவிட்டால், அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்த இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதிலே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பர் முதல் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

கடனே வேண்டாம், எனக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள். கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரிதான் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. அந்த வழக்கில் பாக்கி அவருடையதுதான். இனிஷியல் தப்பால் வந்த பாக்கியாக இருந்திருந்தால்?

அண்ணனின் அறிக்கை 34-ஆம் நாள் சரியானது. இழப்பீடு 400 ரூபாய் கணக்கில் ஏறியது. அதற்குள் கல்லூரியில் பணம் கட்டும் கடைசி நாள் போய்விட்டதால், அண்ணியின் தோடு அடகுக்கடையில் இருக்கிறது. வங்கியில் மறுபடி மனு கொடுத்திருக்கிறார்.