மலைநாடும் வானலையும்

நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வானலை பரவிய வரலாற்றை எழுதப் புகுவார், ஆண்டுகளை அடுக்குமுன் மலையை நோக்குதல் வேண்டும். அலைக்கு வழிவிட்டதும் வழிமறித்ததும் அதுவே.

1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதன் முன்னோடி. மத்திய அலை பகலில் நிலத்தைத் தழுவிச் செல்வது. மலைப்பாங்கில் விரைந்து மெலிவது. சிற்றலையோ வானத்து அயன்மண்டலத்திற் பட்டு மீள்வது. ஆதலின், ஏற்ற அலைநீளம் வாய்த்தால் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் மேலிருந்து இறங்கும். படையினர்க்கென ஏக்கலையில் எழுந்த 100 கிலோவாட் சிற்றலை நிலையம் 1949 இல் இலங்கை வானொலியின் உடைமையாயிற்று.

இவ்விரு அலைகளையும் ஒரே பெட்டி வாங்கியது எவ்வாறு? 1918 இல் ஆம்ஸ்ட்ராங் வகுத்த முறைப்படி, பெட்டிக்குள்ளேயே ஓர் அலையைப் பிறப்பித்து, வரும் அலையோடு கலந்தால், இரண்டின் வேறுபாடாகிய இடைநிலை அலை தோன்றும். ஆளியைத் திருப்புங்கால் கம்பிச்சுருள்கள் மாறும். இடைநிலை அலை மாறாது. மின்சாரம் எட்டாத லயங்களிலும் மின்கலத்தால் இயங்கிய திரான்சிஸ்டர்ப் பெட்டி பேசியது இம்முறையாலேயே.

1989 இல் செல்டெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. 1995 இல் இலக்கமுறை வந்தது. இன்றைய கருவியும் தன்னுள் பிறப்பித்த அலையைக் கலந்தே பல வரிசைகளை வாங்குகின்றது. ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தல் ஆகாது. வானொலிப்பெட்டி கேட்பதோடு அமைவது. எங்கோ 100 கிலோவாட் முழங்கினாற் போதும். தொலைபேசியோ மறுமொழி கூறல் வேண்டும். இரண்டாந் தலைமுறைக் கைக்கருவியின் உச்ச வலு 900 மெகாஹேர்ட்ஸ் வரிசையில் 2 வாட், 1800 இல் 1 வாட். 900 வரிசையிற் கருவி அனுப்புவது 890 முதல் 915 வரை. வாங்குவது 935 முதல் 960 வரை. தாழ்ந்த அலைக்கு இழப்புக் குறைவு. ஆதலின் வலுக்குறைந்த கருவிக்கே அதனை ஒதுக்கினர். நேர்மையான பங்கீடு என்க! 33 சென்ரிமீற்றர் நீளமுள்ள 900 வரிசை அலை மலைமுகட்டை ஓரளவு வளைந்து கடக்கும். அதிற் பாதி நீளமுள்ள 1800 வரிசை அலை அத்துணை வளைவதில்லை. இரண்டிற்கும் கோபுரம் அண்மையில் வேண்டும்.

அக்கோபுரமோ வானத்திலிருந்து இறங்குவதன்று, செலவிட்டு நாட்டப்படுவது. நகரையும் பெருந்தெருவையும் முதலில் நாடுவது வணிகத்தின் இயல்பு. நாட்டின் குரலை வானொலியிற் கேட்டுப் பழகிய தோட்ட மக்களுக்குத் தம் குரலைத் திருப்பி அனுப்பும் வழி பிந்தியே கிட்டிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட, பாடங்கள் கைக்கருவிக்கு மாறின. அப்போது மலைநாட்டில் அலை எட்டாத பள்ளங்களில் வாழ்ந்த மாணவர், ஆசிரியருக்கு விடையனுப்ப மேடுகளைத் தேடி ஏறினர்.