மேத்தன் மணி சொல்லும் பாடம்

திருவனந்தபுரம் சென்று வந்த தமிழர் எவரும் பழவங்காடியை அறியாதிருத்தல் அரிது. புகைவண்டி நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், தேங்காய் உடைபடும் ஓசை நம்மை வரவேற்கும். அங்கே கோயில் கொண்டிருக்கும் கணபதியை முன்னாளில் திருவிதாங்கூர்ப் படையினர் வழிபட்டனர். இந்நாளில் இந்தியத் தரைப்படை அக்கோயிலைப் பேணி வருகிறது. அங்காடி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து நாளங்காடியை அறிந்தவர்கள், பழவங்காடி என்பது பழைய அங்காடியே என்பதைப் பிறர் சொல்லாமலே உணர்வர்.

அங்கிருந்து கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து மேற்கே சென்றால் பத்மதீர்த்தக் குளமும், அதற்கு அப்பால் பத்மநாப சுவாமி கோயிலின் கோபுரமும் தோன்றும். குளத்தை நோக்கி நிற்கும் கருவேலப்புர மாளிகையின் முகப்பில், உயரமான ஓரிடத்தில், ஒரு கடிகாரம் பொருத்தப்பட்டிருக்கிறது. கடிகார முகத்தின் மேலே தாடி வைத்த மனிதத் தலை ஒன்று. அதன் இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி நிறையும்போது அம்மனிதன் வாய் திறப்பான், கடாக்கள் இரண்டும் பாய்ந்து அவன் கன்னங்களில் முட்டும், மணியோசை எழும். அந்தத் தாடி முகத்தைக் கண்ட மக்கள் இதற்கு 'மேத்தன் மணி' என்று பெயரிட்டனர்.

இக்காலத்தில் கூட்ட அறைகளிலும் வகுப்பறைகளிலும் சுவரில் திரை பொருத்தி, ஒலிபெருக்கி மாட்டி, காட்சியும் ஒலியும் ஒருங்கே வழங்குகிறோம். இதனைப் புத்தம்புதிய கலை என்று பலரும் எண்ணுகின்றனர். மேத்தன் மணியை நோக்குமிடத்து, அக்கலையின் அடிப்படை நம் முன்னோருக்குத் தெரிந்ததே என்பது விளங்கும்.

இக்கடிகாரம் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தைச் சேர்ந்தது. அவர் ஆட்சி 1829 முதல் 1846 வரை நிகழ்ந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவருடைய அவையை அணிசெய்தார் என்பது தமிழர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. இசையில் மட்டுமன்றி அறிவியலிலும் நாட்டம் கொண்டிருந்த அம்மன்னர், 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயரை அதன் தலைவராக அமர்த்தினார். நாழிகைக் கணக்கில் வாழ்ந்த ஊர், மணிக் கணக்கைப் பழகத் தொடங்கிய காலம் அது. மேத்தன் மணியை உருவாக்கியவர் குளத்தூக்காரன் என்று வழங்கப்பட்ட உள்ளூர்க் கைவினைஞர் என்பர்.

இத்தகைய கடிகாரங்கள் பிற நாடுகளிலும் உண்டு. பிராகா நகரத்து மன்றச் சுவரில் 1410-ஆம் ஆண்டு முதல் விளங்கும் வானியல் கடிகாரத்தில், மணிதோறும் ஓர் எலும்புருவம் மணிக்கயிற்றை இழுக்கும். கருத்து ஒன்றே. எழுத்தறியாதவரும் எண்ணறியாதவரும் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் அறியுமாறு, செய்தியைச் சுவரில் ஏற்றிவைத்தல் வேண்டும்.

மேத்தன் மணியை அமைத்தவர் தேர்ந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதிரே குளம்; அங்கே கட்டடம் எழுந்து பார்வையை மறைக்க இயலாது. உயரமோ, கூட்டத்தில் முன் நிற்பவர் தலை பின் நிற்பவர்க்குத் தடையாகாத உயரம். ஓசையும் உருவமும் ஒரே இடத்திலிருந்து வருவதால், காது அழைத்த திசையிலேயே கண் செல்லும். குளக்கரையில் நிற்கும் அரசு அதிகாரிக்கும் பூ விற்கும் பெண்ணுக்கும் ஒரே காட்சி, ஒரே ஓசை. இவ்வொப்புமையே சுவரில் அமைக்கும் கருவிக்கு உயிராகும்.

பின்னர் மின்சாரம் வந்தது. 1924-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் வானொலிக் கழகம் ஒன்று தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. அப்பணியை மேற்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் மாலை தோறும் ஒலிபரப்பியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவர்களும் கேட்டு மகிழுமாறு கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. திருவனந்தபுரத்தில் 1943-இல் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் பிறந்தது. 1950 ஏப்ரல் முதல் நாள் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. ஒலி பல காதம் சென்றது. ஆயினும் உருவம் உடன் செல்லவில்லை.

உருவமும் ஒலியும் மீண்டும் ஒரே சுவரில் கூடியதை நம் காலத்தில் காண்கிறோம். 2018-இல் தொடங்கிய திட்டத்தின்படி, கேரள அரசு தன் பள்ளிகளில் ஏறத்தாழ 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, படவீழ்த்தி, திரை, ஒலிபெருக்கி ஆகியவற்றை வழங்கியது. குளக்கரைக் கூட்டத்துக்கு ஒரு கைவினைஞர் செய்ததை, ஓர் அரசு தன் மாணவர் கூட்டத்துக்குச் செய்தது எனலாம்.

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே! இச்செய்தி உங்களுக்கு நெருக்கமானது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. அதுபோலவே தமிழர் குடியேறிய நகரங்களில் எல்லாம் சங்கங்களும் மன்றங்களும் எழுந்தன. தாய்மொழியைப் பள்ளியில் பயிலாத நம் குழந்தைகள் தமிழ் நாடகத்தைக் காண்பதும், தமிழ்ச் சொற்பொழிவைக் கேட்பதும் பெரும்பாலும் அம்மன்றங்களில்தான். அங்கே கடைசி வரிசையில் அமர்ந்த சிறுவனுக்குப் படம் தெரியாமலும் சொல் கேளாமலும் போனால், அவன் இழப்பது ஒரு மாலைப்பொழுதை மட்டுமன்று. தமிழ் தனக்குரியதன்று என்ற எண்ணத்தோடு அவன் வீடு திரும்புவான்.

ஆகவே மன்றத்தில் கருவி பொருத்துமுன் சிலவற்றை நினைவில் கொள்ளுதல் நலம். நாற்காலியில் அமர்ந்தவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். திரையின் கீழ்விளிம்பு அதற்கு மேலே இருந்தாலன்றிப் பின்வரிசையார் தலைகளையே காண்பர். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 17 மீட்டர் தொலைவிலுள்ள வெற்றுச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, மேடையருகே இருப்பவர் செவியை நொடியில் பத்திலொரு பங்கு பிந்தி அடையும். ஒரு சொல்லின் மேல் மற்றொரு சொல் விழும். பின்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால் அக்குறை பெரிதும் தணியும். சாளர வெளிச்சம் திரைமேல் விழலாகாது.

சுவரையும் அறிதல் வேண்டும். செங்கல் தாங்கும் பாரத்தைக் காரைப்பூச்சு தாங்காது. கேரளத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் உள்ள செம்புரைக்கல்லோ துளைகள் மிக்கது. அத்தகைய சுவரில் ஒரே போல்ட்டை நம்பாமல், அகன்ற மரச்சட்டம் ஒன்றைப் பல இடங்களில் பிணைத்து, அதன்மேல் கருவியைத் தாங்கச் செய்வதே பாதுகாப்பு. மின்கம்பி, எர்த்து இணைப்பு ஆகியவற்றைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எந்திரக் கடிகாரம் தானே ஓடுவதன்று. அதற்குச் சாவி கொடுக்க ஒருவர் வேண்டும். பல்சக்கரங்களைத் துடைத்து எண்ணெயிட ஒருவர் வேண்டும். அவர் வராத நாளில் முகம் வாய் திறவாது; கடாக்களும் அசையா. சுவரில் ஏற்றிய நாளோடு பணி முடிந்தது என்று எண்ணுவது நம்மிடையே உள்ள பெருங்குறை. திறப்பு விழாவுக்கு மாலை வாங்குகிறோம். மறு ஆண்டு தூசு துடைக்க ஆள் வைப்பதில்லை. கருவி வாங்கப் பொருள் ஒதுக்கும்போதே, அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதையும் சங்கக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று.

அடுத்தமுறை பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்தபின், குழந்தைகளை அழைத்துக்கொண்டு பத்மதீர்த்தக் கரைக்குச் செல்லுங்கள். மணி நிறையும் நேரம் பார்த்து நில்லுங்கள். கடாக்கள் முட்டுவதைக் குழந்தைகள் காணட்டும். அப்போது, அந்த முகத்தை அங்கே ஏற்றியவரை மட்டுமன்றி, அது வாய் திறக்கும்பொருட்டு இத்தனை காலம் படியேறிச் சென்று பேணிய பெயரறியாப் பலரையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.