வீட்டுக்குச் செல்லுதலும் நான்காம் வேற்றுமையும்

ஒரு மொழியைத் தாய்மடியில் பயின்றவர்க்கு இலக்கணம் சொல்லாது விடுவதனையே, அதனைப் புதிதாய்க் கற்பவர் முதற்கண் வினவுவர். ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்னும் எளிய தொடரே இதற்குத் தக்க சான்றாகும்.

தொல்காப்பியர் ‘செலவு’ என்பதனை இரண்டாம் வேற்றுமைப் பொருள்களுள் வைத்தார். நான்காவதற்கு நட்பு, பகை முதலியவற்றை விரித்தவர், செல்லும் இடத்தைப் பெயர் சுட்டி ஓதினாரல்லர். நன்னூலாரும் அதனைத் தனியே கூறாது ‘ஆதி’ என்பதனுள் அடங்க விட்டார். தமிழ் மாணாக்கர்க்கு அவ்வளவே அமையும்.

அயலார்க்கோ அது போதாது. சீகன்பால்குவின் தமிழிலக்கணம் 1716இல் ஆலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சேறிற்று. வீரமாமுனிவர் 1728இல் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. இந்நூல்களைப் பயின்றோர் இலத்தீன் கற்றோர். அம்மொழியில் வீடேகுதல் இரண்டாம் வேற்றுமையால் உணர்த்தப்படும். குரோவாசிய மொழியிலோ, ‘குச்சா’ (வீடு) என்னும் பெயர் ‘குச்சி’ என நான்காம் வேற்றுமை வடிவுற்று, இடைச்சொல் இன்றியே ‘வீட்டுக்கு’ எனப் பொருள்படும். வீட்டினுள் நுழைதற்கு ‘உ குச்சு’ என இரண்டாவது வரும். நம் ‘வீட்டுக்கு’, ‘வீட்டுக்குள்’ என்னும் வேறுபாட்டோடு இஃது ஒப்பிடத்தக்கது.

இன்று திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரில் இவ்வினா மீண்டும் எழுகின்றது. அங்குள்ள தொழிற்சாலைப் பகுதிக்கு வடபுலத்திலிருந்து வந்தோர் பலர். இந்தி பேசுவோர் உருபின்றி ‘கர் ஜானா’ என்பர். அவர்க்குக் குவ்வுருபு புதுமை. ஒடியர்க்கோ ‘கரகு’ எனக் ‘கு’வே தாய்மொழியிலும் உண்டு. ஒரே பாடம் இருவர்க்கும் ஒருதன்மைத்தாய் அமையாது.

உருபு அறிந்தபின்னும் சொல் அறிதல் வேண்டும். வாடகை அறைக்குத் திரும்புபவர் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பர்; பிறந்த இடம் நோக்கிப் புறப்படுபவர் ‘ஊருக்குப் போகிறேன்’ என்பர். வரவு தன்மைக்கும் முன்னிலைக்கும், செலவு படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியர் விதி. ஆதலின் அவரே தாயிடம் ‘வருகிறேன்’ என்றும், உடன் உழைப்பவரிடம் ‘போகிறேன்’ என்றும் கூறுதல் வேண்டும். விடைபெறுங்கால் ‘போய் வருகிறேன்’ என்பதே வழக்கு.

எனவே, கற்பவரின் தாய்மொழியைக் கருதி எழுதப்படும் தமிழிலக்கணமே இக்காலத்துக்கு வேண்டுவது. முந்நூறு ஆண்டுகட்கு முன் இலத்தீன் கற்றோர்க்குச் செய்யப்பட்ட அப்பணியை, ஒடியர்க்கும் இந்தியர்க்கும் செய்தல் நம் துறையினர் கடனாம்.