மூட்டுக்குள் இடும் ஊசி: பிறப்பும் பயனும்

சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் வாழும் முதியோருள், படியேற மாட்டாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்போர் பலர். மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டால் நோய் வேரோடு போகும் என நம்புவோரும், அவ்வூசி காலையே முடக்கிவிடும் என அஞ்சுவோரும் அவர்களுள் உண்டு. இரண்டும் பிழை என்பதை அவ்வூசியின் வரலாறே காட்டும்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து டாக்டர் பிலிப் ஹென்ச், காமாலை கண்ட முடக்குவாத நோயாளிக்கு மூட்டுவலி தணிவதை 1929-இல் கவனித்தார். உடலே ஏதோ மருந்தைச் சுரக்கின்றது என்பது அவர் ஊகம். சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அவருடைய தோழர் கெண்டல் பிரித்தறிந்த கார்ட்டிசோனை, மெர்க் நிறுவனம் மாட்டுப் பித்தத்திலிருந்து அரிதின் முயன்று செய்து தந்தது. 1948 செப்டம்பர் 21-இல் 29 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அது தசையில் ஏற்றப்பட்டது. நடக்க இயலாதிருந்த அவர் ஒரு வாரத்தில் கடைவீதிக்குச் சென்று வந்தார்! 1950-இல் இருவரும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசு பெற்றனர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பிற்று; தொடர்ந்து ஏற்றினாலோ முகம் உப்பிற்று, எலும்பு நலிந்தது. நோயுற்ற மூட்டில் மட்டும் இட்டால் என்ன? பிலடெல்பியாவின் ஹாலண்டர் கார்ட்டிசோனை மூட்டுக்குள் இட்டுப் பார்த்தார், பயன் சிறிதே. கல்லீரல் மாற்றிக் கொடுத்த பின்னரே அது வேலை செய்யும். மூட்டுக்குள் கல்லீரல் ஏது? மாறிய வடிவமாகிய ஹைட்ரோகார்ட்டிசோனை இட்டபோது வலி தணிந்தது. இவ்வாய்வு 1951-இல் வெளிவந்தது. பின்னர், நம் பெருவள்ளியின் இனத்ததான மெக்சிகோக் காட்டுக்கிழங்கிலிருந்து மருந்து செய்யும் வழி பிறக்கவே விலையும் இறங்கிற்று.

இன்று இடப்படுவன அதன் வழித்தோன்றல்களே. மரப்பு மருந்து கலந்திருந்தால் சில மணி நேரம் வலி தெரியாது; பின் ஓரிரு நாள் வலி மிகலாம், அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. உண்மைத் தணிவு சில நாளில் வந்து, சில வாரங்கள் நிற்கும். நீரிழிவுடையோர்க்குச் சர்க்கரை சில நாள் ஏறும். காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து வீங்கினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அடிக்கடி போட்டுக்கொள்ளலாமா? மூட்டுத் தேய்வுடைய 140 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. 12 வாரங்களுக்கு ஒருமுறையாக இரண்டாண்டு இம்மருந்து பெற்றோர்க்கு, வெறும் உப்புநீர் பெற்றோரைவிடக் குருத்தெலும்பு மிகுதியாகத் தேய்ந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆதலின் மருத்துவர் கேட்டபோதெல்லாம் ஊசி இட இசைவதில்லை. வலி தணிந்த வாரங்களில் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கே நோயாளியை அனுப்புகின்றனர்.