அமெரிக்க மதுரை மிஷனும் மதுரைப் பகுதியின் தொடக்கக் கல்வியும்

அமெரிக்க மதுரை மிஷன் 1834 முதல் மதுரை நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளிகள், ஆசிரியப் பயிற்சி நிலையங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றை நடத்திய புராட்டஸ்டண்டு கிறித்தவ அமைப்பு ஆகும். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க வாரியத்தின் கிளையாக இது இயங்கியது. மதுரை அமெரிக்கன் கல்லூரி இதன் வழிவந்ததே. சமயம் பரப்புவதற்காகத் தொடங்கப்பட்ட இப்பள்ளிகள், சாதி, மொழி, கல்வியின் நோக்கம் ஆகியவை பற்றிய கடும் பூசல்களைக் கடந்தே பொதுக் கல்வி நிலையங்களாக மாறின.

அமெரிக்கப் பின்னணி

17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள், ஒவ்வொருவரும் விவிலியத்தைத் தாமே படித்தறிய வேண்டும் என்று நம்பினர். போதகர்களை உருவாக்கும் நோக்கோடு 1636இல் ஹார்வர்டு கல்லூரியை நிறுவினர். 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்றும் 1647இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்கா தனி நாடான பின், 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் நடுவண் அரசு எந்தச் சமயத்தையும் அரசு சமயமாக்குவதைத் தடுத்தது. ஆயினும் மாசசூசெட்ஸில் திருச்சபைக்கு இருந்த அரசு ஆதரவு 1833 வரை நீடித்தது. கோயிலும் பள்ளியும் அடுத்தடுத்து நின்ற இந்தச் சூழலில் வளர்ந்தவர்களே பின்னர் மதுரைக்கு வந்தனர்.

மதுரையில் முன்பிருந்த கல்வி

இவர்கள் வருமுன் மதுரையில் கல்வி இல்லாமல் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினர். எண்சுவடியும் ஆத்திசூடியும் மனப்பாடம் செய்தனர். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. கிறித்தவமும் மதுரைக்குப் புதிதன்று. இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நோபிலி 1606இலேயே இங்கு வந்து தமிழும் வடமொழியும் கற்றிருந்தார். ஆனால் திண்ணைப் பள்ளிகளில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு

அமெரிக்க வாரியத்தினர் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் பிற நாட்டவர் இந்தியாவில் தங்குவதற்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது. மறு ஆண்டே லெவி ஸ்போல்டிங் மதுரையைப் பார்வையிட்டுச் சென்றார். அவரைத் தொடர்ந்து ஹென்றி ஹாய்சிங்டனும் வில்லியம் டாடும் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களோடு வந்து குடியேறினர். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராக இருந்த டேனியல் பூவர் அடுத்து மதுரைக்கு வந்து, நகரிலும் கிராமங்களிலும் பல பள்ளிகளைத் தொடங்கினார். 1841இல் அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். அமெரிக்கன் கல்லூரி நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தொடக்கப் பள்ளிகளில் கற்பித்தவர்களில் பலர் கிறித்தவர் அல்லாத உள்ளூர் ஆசிரியர்கள். மிஷன் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அச்சிட்ட நூல்களையும் விவிலியப் பாடத்தையும் சேர்த்தது. பெற்றோர் எழுத்தையும் கணக்கையும் விரும்பிப் பிள்ளைகளை அனுப்பினர். மிஷன் எதிர்பார்த்ததோ மதமாற்றம். இந்த இடைவெளி இறுதிவரை மறையவில்லை.

சாதிப் பூசல்

1842இல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசியின் பொறுப்பில் ஒரு செமினரி தொடங்கப்பட்டு, 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. விடுதியில் ஒரே பந்தியில் உண்பது பெரும் சிக்கலாயிற்று. கிறித்தவர்களான பின்னும் பலர் சாதி வழக்கத்தைக் கைவிடவில்லை. 1847இல் சேர்ந்துண்பதை மிஷன் கட்டாயமாக்கியதும், மாணவர்களும் சபையாரும் பலர் விலகினர். எண்ணிக்கை குறைந்தபோதும் மிஷன் தன் முடிவை மாற்றவில்லை. ஒரு பள்ளியில் யார் யார் சேர்ந்து அமரலாம், சேர்ந்து உண்ணலாம் என்ற கேள்வி இப்பகுதியில் இவ்வாறு வெளிப்படையாக எழுந்தது.

மொழிப் பூசல்

அடுத்த பூசல் மிஷனுக்கு உள்ளேயே எழுந்தது. 1855இல் வாரியச் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, ஆங்கிலக் கல்வி மாணவர்களை அரசு வேலைக்கே அனுப்புகிறது என்று கருதியது. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. பசுமலையில் ஆங்கிலம் நீக்கப்பட்டு, தமிழ்வழியில் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிப்பதோடு கல்வி சுருங்கியது.

ஆனால் காலம் எதிர்த்திசையில் சென்றது. 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி செய்தது; 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆங்கிலக் கல்வியை மக்கள் கேட்டனர். ஜார்ஜ் வாஷ்பர்ன் பொறுப்பில் பசுமலைக் கல்வி நிலையம் மீண்டும் விரிவடைந்து, 1881இல் கல்லூரி ஆயிற்று. அக்கல்லூரி 1904இல் மதுரை நகருக்கு இடம் பெயர்ந்தது.

பெண் கல்வி

மிஷனின் பெண்கள் பள்ளிகளில் கேப்ரன் ஹால் புகழ்பெற்றது. பெண் ஆசிரியர்களை உருவாக்கியதால் அதன் பயன் கிராமப் பள்ளிகளுக்கும் சென்றது. 1948இல் கேட்டி வில்காக்ஸ் நிறுவிய லேடி டோக் கல்லூரி இவ்வழியில் வந்தது.

மதிப்பீடு

மிஷன் பள்ளிகளில் படித்தோரின் தொகையோடு ஒப்பிட்டால் மதம் மாறியோர் சிலரே. அவ்வகையில் நிறுவியவர்களின் முதல் நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. மறுபுறம், இப்பள்ளிகள் உள்ளூர் முயற்சிகளுக்குத் தூண்டுதலாகவும் போட்டியாகவும் அமைந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரைக் கல்லூரியும், 1901இல் பாண்டித்துரைத் தேவரின் மதுரைத் தமிழ்ச் சங்கமும் உருவாயின. திண்ணைப் பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாண உதவியாளர், பந்தியை விட்டு எழுந்த மாணவர், ஆங்கிலம் கேட்ட பெற்றோர் என எல்லோருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. அமெரிக்கர் கொண்டுவந்த பள்ளியை மதுரை மக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். அதனாலேயே மிஷனின் காலம் முடிந்த பின்னும் அதன் கல்வி நிலையங்கள் நிலைத்திருக்கின்றன.