நோன்பு: கிறித்தவமும் இசுலாமும்

நோன்பு இரு சமயங்களிலும் இறைவனுக்காக உணவைத் துறக்கும் வழிபாடு. முன்னோர்க்கு விதிக்கப்பட்டது போலவே உங்களுக்கும் விதிக்கப்பட்டது என்கிறது குர்ஆன் (2:183). நோன்பைப் பிறர் காணக் காட்டாதே என்பது இயேசுவின் போதனை (மத்தேயு 6:16–18).

இசுலாமியர் ரமலான் மாதம் முழுவதும் வைகறை முதல் சூரியன் மறையும்வரை நீரும் அருந்துவதில்லை. கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாள்கள். ஒரு வேளை முழு உணவுக்கு அனுமதி உண்டு, இறைச்சி விலக்கு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் 40 நாளும் அசைவம் தவிர்க்கும் குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். கடுமையில் வேறுபட்டாலும் ஈகையில் இரண்டும் நெருங்குகின்றன: இசுலாமில் பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா என்னும் தருமம், கிறித்தவத்தில் தவக்காலச் சேமிப்பு ஏழைகளுக்கு.

தமிழகத்தின் தனிச்சிறப்பு நோன்புக் கஞ்சி. பச்சரிசி, சிறுபருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்துப் பள்ளிவாசலில் காய்ச்சப்படும் இது, தூக்குவாளியுடன் வரும் பிற சமயத்தாருக்கும் வழங்கப்படுகிறது. இதற்கென அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி அளிப்பது போற்றத்தக்க வழக்கம்.

இசுலாமியரின் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறுகியது; அதனால் ரமலான் ஆண்டுதோறும் முன்னகர்கிறது. எனவே இரு நோன்புகளும் எப்போதாவதுதான் இணைகின்றன. அவ்வாறு 2025இல் ரமலான் மார்ச் 2இலும் தவக்காலம் மார்ச் 5இலும் தொடங்கின.