மூச்சின் மாத்திரைக் கணக்கு

பழவேற்காடு என்றதும் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் ஏரிக்கு வரும் பூநாரைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வேரிக்கரைக் குப்பங்களில் விறகடுப்பின் முன் அமர்ந்து இருமும் பெண்களைப் பற்றி எழுதுவார் அரிது. பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கு 2.44 பேருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையற்கட்டில் கழிப்போரிடம் அது 3 ஆக உயர்ந்தது.

இத்தகையோருக்குப் பிராணாயாமம் பயில்விப்பது இன்று புதுமையன்று. ஆனால் அது மருத்துவமானது மிக அண்மையில்தான்.

திருமந்திரம் மூச்சுக்கு அளவு வகுத்திருக்கிறது: உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32. திருமூலரின் நாட்டம் இளைப்பு நீக்குவதன்று. அவர் கருதியது யோக சித்தி. அதனைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் சுவாமி குவலயானந்தர். 1924இல் லோனாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, அவ்வாண்டே ‘யோக மீமாம்சா’ என்னும் ஆய்விதழையும் தொடங்கினார். பிராணாயாமத்தால் பிராணவாயு மிகுதியாகக் கிடைக்கிறது என்ற பரவலான நம்பிக்கையை அளந்து பார்த்து மறுத்தவரும் அவரே. (இன்றைய தொலைக்காட்சி யோகிகள் இதை அறிந்ததாகத் தெரியவில்லை.)

பின்னர் 1978இல் ‘தோராக்ஸ்’ இதழில் டாண்டன் என்பார் ஓர் ஆய்வை வெளியிட்டார். கடுமையான மூச்சுக்குழல் அடைப்புடைய 22 ஆண்களில் 11 பேருக்கு யோகமும் 11 பேருக்கு வழக்கமான இயன்முறைப் பயிற்சியும் ஒன்பது மாதம் அளிக்கப்பட்டன. யோகம் பயின்றோரின் உழைக்கும் திறன் கூடியது. மற்றவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 1985இல் பெங்களூரின் நாகரத்னாவும் நாகேந்திராவும் 53 ஆஸ்துமா நோயாளிகளிடம் நற்பயன் கண்டனர். 1990இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், உள்மூச்சைப் போல் இருமடங்கு நேரம் வெளிமூச்சு விடச் செய்யும் சிறு கருவி ஒன்று சோதிக்கப்பட்டது.

இருமடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். திருமூலரின் 16க்கு 32 என்னும் விகிதமும் அதுவே. அடைப்பு நோயில் மூச்சுக் குழல்கள் குறுகி, காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு புகுந்துவிடுகிறது. மார்பு காற்றால் விம்முகிறது. மெதுவாக, நீளமாக வெளிவிட்டால் அது வடிவதற்கு அவகாசம் கிடைக்கும். நடுவிலிருந்த 64 மட்டும் மருத்துவப் பயிற்சியில் விடுபட்டுப்போனது. அதுவே முறை. மூச்சுக்குத் திணறுபவரை மூச்சடக்கச் சொல்வது கொடுமை. கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளும் அவருக்கு ஆகா.

சிதைந்த நுரையீரல் இதனால் மீள்வதில்லை. மருத்துவர் தந்த உறிஞ்சியைக் கைவிடுவதும் கூடாது. 2012இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, யோக மூச்சுப் பயிற்சி பெற்றோர் ஆறு நிமிடத்தில் ஏறக்குறைய 45 மீட்டர் கூடுதலாக நடந்தனர் என்கிறது. அதற்கு ஆதாரம் இரண்டே சிறு ஆய்வுகள். மூச்சுத்திணறல் குறைந்ததா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை.

45 மீட்டர் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். படகு வந்தணையும் கரையிலிருந்து மீன்கூடையைச் சுமந்து மேடேறும் பெண்ணுக்கு, அது இடையில் ஒருமுறை கூடையை இறக்கிவைக்காமல் போய்ச் சேரும் தொலைவு.